கண்ணைக் கட்டி வைத்த ரசம்

வேலூருக்குப் போகும் ஏழு மணி பஸ் ஒன்று கிருபானந்தம் சாரின் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தது. அந்த பஸ்ஸில் அவர் ஏறப் போவதில்லை. அவர் மனைவி ரோஸ் ஏறிவிடுவாளோ என்பதுதான் பயம்.

சனிக்கிழமை மதியம் என்றால் சாருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கொதிக்கக் கொதிக்க மிளகு ரசம், கறி வறுவல், இரண்டு அப்பளம், அதன் பிறகு நாலு மணி வரை தூக்கம். ரோஸ் இல்லாவிட்டால் ஓட்டலுக்குப் போகலாமே என்பீர்கள். ஆம்பூரில் பிறந்து, ஆம்பூரில் வளர்ந்து, பிரியாணி ஒத்துக்கொள்ளாத வயிறு ஒன்று உண்டென்றால் அது அவருடையதுதான். சமைத்துக்கொள்ளலாமே என்றால், அதுதான் அவருக்குத் தெரியாது.

தெரியாது என்பது சும்மா வந்ததல்ல. பாடுபட்டுச் சேர்த்தது. கல்யாணமான புதிதில் ரோஸ் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சார் பார்த்தார். பொங்கியதைப் பார்த்தார், வழிந்ததைப் பார்த்தார், அடுப்பு அணைந்ததையும் பார்த்தார். அரிசி களையச் சொன்னாள். பாதி அரிசி சாக்கடையோடு போனது. அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் அவரை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு இஷ்தியாக் அகமது ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நூறு பேரை மேய்க்கிறவர், வீட்டில் வெங்காயம் உரிக்கிறவர். அவரிடம் சார் ஒருநாள் ரகசியத்தை அவிழ்த்தார்.

"பாய், ஒரு வேலைய மொத தடவயே நல்லா செஞ்சிட்டா, ஆயுசுக்கும் அது நம்ம வேலதான். கெடுத்துடணும்."

"இத நிக்காவுக்கு முன்னால சொல்லியிருக்கலாமே சார்" என்றார் பாய், மூக்கை உறிஞ்சியபடி. வெங்காயம்.

இப்படி இருந்த வாழ்க்கையில்தான் அந்த இணையதளம் வந்து சேர்ந்தது. வருஷம் இரண்டாயிரத்து எட்டு. ஆசிரியர்களுக்கென்றே உண்டாக்கிய தளம். கம்ப்யூட்டரில் பாடம் தயாரிப்பது எப்படி, அதையும் கண் தெரியாத பிள்ளை, காது கேட்காத பிள்ளை, மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை எல்லாரும் பின்தொடரும்படி தயாரிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தது. அதன்படி நல்ல பாடம் செய்கிறவர்கள் சனிக்கிழமைதோறும் வேலூர்ப் பயிற்சி மையத்தில் மற்ற ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது.

ஆண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியரான கிருபானந்தம்தான் முதலில் குதித்தார். பானிபட் யுத்தத்தைப் பாடமாக்கினார். பச்சைத் திரையில் சிவப்பு எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் சுழன்று சுழன்று வந்து விழும். பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம். மையத்திலிருந்து இரண்டே நாளில் பதில் வந்தது: "குதிரைகள் ஓடுவது நன்றாகக் கேட்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை."

"சைட்டு சரியில்ல" என்று சொல்லிவிட்டு சார் விலகிக்கொண்டார்.

ரோஸ் விலகவில்லை. அவள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மனையியல் ஆசிரியை. அவள் வகுப்பில் ஜெனிஃபா என்று ஒரு பிளஸ் ஒன் பெண், பிறவியிலேயே பார்வை கிடையாது. செய்முறை வகுப்பில் மற்றவர்கள் சமைக்க அவள் மூலையில் உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொண்டிருப்பாள். ரோஸுக்கு அது பொறுக்கவில்லை. தளத்தை வரி விடாமல் படித்தாள். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரசம் வைப்பதைத் தன் குரலிலேயே ஒரு பாடமாகப் பேசிப் பதிவு செய்தாள். சாருக்கு அப்போதுதான் உறைத்தது. பாடம் தேறிவிட்டால் சனிக்கிழமை ரோஸ் வேலூரில் இருப்பாள், ரசமும் அவளோடு போய்விடும்.

"என்னங்க, ஒரு ஒத்தாசை" என்றாள் ரோஸ் ஒரு வெள்ளிக்கிழமை. "பாடத்த யார்கிட்டயாவது சோதிச்சுப் பாக்கணும். சமையல் சுத்தமா தெரியாதவங்களா இருக்கணும்."

"அதுக்கு?"

"இந்த ஊர்ல உங்கள விட்டா வேற யாரு இருக்கா?"

சாருக்கு உச்சி குளிர்ந்தது. கர்த்தரே எதிரியைத் தன் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டதாகத் தோன்றியது. சோதனையில் தான் தோற்றால் பாடம் தோற்றது. பாடம் தோற்றால் பஸ் இல்லை. கெடுப்பதற்கு அவருக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா என்ன?

"செய்றேன் ரோஸு. உனக்காக."

மறுநாள் சமையலறையில் ஸ்பீக்கரை வைத்தாள். அவர் கண்ணைத் துண்டால் கட்டினாள்.

"இது இன்னாத்துக்கு?"

"ஜெனிஃபா மாதிரி பிள்ளைங்களுக்கான பாடங்க. காதும் கையும் மூக்கும் மட்டுந்தான். அடுப்பு கிட்ட நான் நிப்பேன், கை சுட விடமாட்டேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன்."

ரோஸ் வாயைத் திறக்காமல் இருப்பாள் என்றதும் சாருக்குப் பாதி சந்தோஷம் அங்கேயே கிடைத்துவிட்டது. பாடம் ஆரம்பித்தது. 'உங்க வலது கைக்கு நேரா ஒரு தட்டு இருக்கு. அதுல மூணு கிண்ணம். மொதல்ல இருக்கறது புளித்தண்ணி. மோந்து பாருங்க.' குரல் நிதானமாக, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு வேலை சொன்னது. உப்பை அள்ளிக் கொட்டலாம் என்று தேடினார். தேவையான உப்புக்கு மேல் ஒரு கல்கூட வைத்திருக்கவில்லை. 'நுரை கட்டும் சத்தம் கேட்டதும் அடுப்ப அணைங்க' என்றது குரல். சாருக்குச் சத்தம் கேட்டது. கேட்காதவர் போல நின்றார். ரசம் கொதித்தது, சுண்டியது, பாத்திரத்தின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

துண்டை அவிழ்த்துவிட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். "மன்னிச்சிடு ரோஸு. பாடம் புரியல."

"உங்க மேல தப்பில்லீங்க. படிக்கிறவன் தோத்தா தப்பு பாடத்து மேலதான். அந்த சைட்டுல மொத வரியே அதான்."

சாருக்குக் கொஞ்சம் உறுத்தியது. இவ்வளவு நல்ல பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தம் அடுத்த வாக்கியம் வரைதான் நீடித்தது.

"பாடத்தத் திருத்திட்டு, அதே ஆளுகிட்ட அடுத்த வாரம் மறுபடி சோதிக்கணும்."

"அதே ஆளா?"

"ஜெயிக்கற வரைக்கும்."

"அது சரி... இப்ப மத்யானத்துக்கு?"

"நீங்க வெச்சது இருக்குதே. சோத்துப் பண்டத்த வீணாக்கலாமா? அக்தரி என்னச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கா, போய்ட்டு வர்றேன்."

அக்தரி பேகம் இஷ்தியாக் பாயின் மனைவி. அன்று அந்த வீட்டில் பிரியாணி. மணம் சுவரேறிக் குதித்து வந்தது. சார் கரிந்த ரசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இந்தத் தடவை துண்டு தேவைப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேறு திட்டத்தோடு போனார். பாதியில் கரண்டியை நழுவவிட்டார். அது கீழே விழுந்து உருளும்போதே ஸ்பீக்கர் இனிமையாகச் சொன்னது: 'இந்த இடத்துல சில பேரு கரண்டியக் கீழ போடுவாங்க. பரவால்ல. இடது பக்கம் இன்னொண்ணு வெச்சிருக்கு.'

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளித்துக்கொண்டு, மிளகுப் பொடிக்குப் பதில் வேறு எதையாவது போடலாமென்று அலமாரிப் பக்கம் கையை நீட்டினார். 'மேல் தட்டுல இருக்கறது மொளகாத்தூள். நமக்கு வேணாம். கைய எறக்கிக்குங்க' என்றது குரல்.

"நீ பேசறியா, அது பேசுதா?" என்று கத்தினார்.

சோதனையில் ரோஸ் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி.

இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள். அவர் எந்த நேரத்தில் எதைக் கெடுப்பார் என்பது அவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. சார் கடைசி ஆயுதமாகச் சொம்புத் தண்ணீரை முழுவதும் உள்ளே கவிழ்த்தார். ரசம் கெட்டது. ரோஸ் புன்னகையோடு "இன்னும் தெளிவாச் சொல்லணும் போல. அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று அங்கே நெய்ச்சோறு.

மதில்மேல் சாய்ந்து நின்ற சாரைப் பார்த்து இஷ்தியாக் பாய் பரிதாபப்பட்டார்.

"இன்னா சார், எளச்சிப் போய்ட்டீங்க?"

"பேஜாரு பாய். ஜெயிச்சா அவ வேலூர் போய்டுவா, நான் பட்டினி. தோத்தா நான் வெச்சத நானே துன்னணும்."

"தோக்கறது எத்தினி வாரத்துக்கு?"

"ஜெயிக்கற வரைக்குமாம்."

பாய் யோசித்தார். "கம்பெனில பீஸ் ரிஜெக்ட் ஆனா தெச்சவன் கையிலதான் திருப்பிக் கொடுப்போம் சார். சரியாகற வரைக்கும் அவன் வீட்டுக்குப் போவ முடியாது."

"ஆறுதல் சொல்லுங்கன்னா..."

மூன்றாவது சனிக்கிழமை சார் துண்டைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டார். எப்படிக் கெடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டு வாரமாக வாய்க்கு ருசியான சனிக்கிழமைச் சாப்பாடு கிடைக்காத ஏக்கம் வேறு. பாடம் பாதிக்கு வந்திருக்கும். புளித்தண்ணீரும் தக்காளியும் மிளகுப் பொடியும் உப்பும் சேர்ந்து அடுப்பில் இருந்தன. டப்பென்று ஸ்பீக்கர் அணைந்தது. மின்விசிறியும் நின்றது.

மின்வெட்டு!

சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பாடம் பாதியில் நின்றால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. துண்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். அப்போது பாத்திரத்தில் நுரை கட்டும் மெல்லிய சத்தம் கேட்டது. அவர் கை போய் அடுப்பை அணைத்தது. ரசத்தை இறக்கியது. தாளிப்புக் கரண்டியைத் தேடி எடுத்து, அடுப்பை மறுபடி பற்றவைத்து அதன்மேல் வைத்தது. நெய் ஊற்றியது, கடுகைப் போட்டது. கடுகு வெடித்து ஓயும்வரை காத்திருந்து, சீரகமும் கறிவேப்பிலையும் தூவி, ரசத்தில் கொட்டி மூடியது. சொய்ங் என்ற சத்தத்தில்தான் சாருக்குச் சுயநினைவே வந்தது.

மெல்லத் துண்டை அவிழ்த்தார். ரோஸ் கையைக் கட்டிக்கொண்டு அடுப்பை ஒட்டிய சுவரோரம் நின்றிருந்தாள்.

"ரோஸு... கரண்டு போனதும் நீ பேசினியா?"

"நான் எங்கங்க பேசினேன்?"

சார் மூடியைத் திறந்தார். மணம் முகத்தில் அடித்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். இன்னொரு கரண்டி. ரோஸ் வைப்பதுபோலவே இருந்தது. அவள் எதிரில் சொல்ல மாட்டார், ஆனால் ஒரு சிட்டிகை கூடுதலாகவே நன்றாக இருப்பதாக அவருக்குப் பட்டது. ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கு நெஞ்சு விம்மியது. கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

"பாய், துன்னு பாருங்க!"

"யா அல்லா, நீங்களா வெச்சீங்க? ஜாஸ்தி நல்லாருக்கு சார்!"

"கண்ணக் கட்டிக்கினு!"

திரும்பி வந்தபோது சாருக்குத் தாராள மனசு வந்திருந்தது. மனைவியின் முன்னேற்றத்துக்காகத் தன் சனிக்கிழமையைத் தியாகம் செய்யும் கணவனாகத் தன்னைப் பார்த்தார். அந்தத் தோற்றம் அவருக்கே பிடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரோஸு, பாடம் பாஸ். தாராளமா அனுப்பிடு. நான் ஜெயிச்சதாலதான் நீ வேலூருக்குப் போறேங்கறத மட்டும் மறந்துடாத."

"எங்க அனுப்பறது?"

"மையத்துக்கு."

"அது போன மாசமே அனுப்பி, போன மாசமே பாஸாயிடுச்சுங்க. ஜெனிஃபா மொத தடவலயே வெச்சிட்டா. அன்னிக்கு அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்திருக்கணும் நீங்க. வர்ற சனிக்கிழமைலேர்ந்து எனக்குக் கிளாஸ்."

சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்போ இந்த மூணு வாரம்? அதே ஆளு, மறுபடி சோதிக்கணும்னியே?"

"நான் போய்ட்டா நீங்க பட்டினி கெடப்பீங்களேன்னு எனக்கு ஒரே கவலைங்க" என்று சொன்ன ரோஸ், அவருக்கு எதிரில் உட்கார்ந்து ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடி ரசித்தாள்.

"அடுத்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தியா வைங்க. வேலூர்லேர்ந்து பசியோட வருவேன்."