சிறுத்தை மூப்பரின் மனச்சாட்சியும் வேலிக்கு வெளியே ஒரு குஞ்சும்

ஒரு காட்டில் ஒரு திருச்சபை இருந்தது. சிங்கத்துக்குப் பயந்த காடுகளைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். இந்தக் காட்டில் எல்லாரும் பயந்தது சபைக் கமிட்டிக்கு.

எதையெல்லாம் நம்ப வேண்டும் என்று பிரிவு பிரிவாகச் சொல்லும் விசுவாச அறிக்கை ஒன்று சபைக்கு உண்டு. குளிர்தேசத்துப் பனிக்கரடிகள் எப்போதோ கூடி எழுதியது, கப்பலேறி வந்தது. அதை முழுக்கப் படித்தவர் காட்டில் எவருமில்லை. ஆனாலும் கமிட்டியில் மூப்பராகிறவர் பீடத்தின் முன் நின்று, "இதை முழுமனதோடு ஏற்கிறேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு, எந்தப் பிரிவில் மட்டும் தன் மனச்சாட்சி இடிக்கிறது என்றும் சொல்லிக்கொள்ளலாம். சபை 'ஆமென்' சொல்லிவிட்டால் அந்தப் பிரிவு அவரைக் கட்டாது. இந்த வசதி மூப்பர்களுக்கும், சபைப் போதகரான ஐயருக்கும் மட்டும்தான். மற்றவர்களுக்கும் மனச்சாட்சி இருக்கக்கூடும் என்று பனிக்கரடிகளுக்குத் தோன்றவில்லை போலும்.

சிறுத்தை மூப்பர் ஆசீர்வாதத்துக்கு, ஓய்வுநாளில் வேட்டை கூடாது என்ற பிரிவு இடித்தது. ஞாயிற்றுக்கிழமைதானே மான்கள் ஆராதனை முடிந்து கூட்டமாகத் திரும்பும்? ஆமென். மான்களும் சேர்ந்துதான் சொல்லின. குரங்கு மூப்பர் வேதமாணிக்கம் மனைவி இறந்துபோனதும் கொழுந்தியாளைக் கட்டிக்கொண்டவர். அது பாவம் என்ற பிரிவு அவருக்கு இடித்தது. ஆமென். அக்கரை யானைதான் அந்திக்கிறிஸ்து என்றும் ஒரு பிரிவு இருந்தது. கோயிலுக்குக் கூரை போட்டுத் தந்ததே அந்த யானைதான் என்பதால் அது நாரை ஐயருக்கு இடித்தது. அதற்கும் ஆமென்.

அந்தக் கோடையில் ஆள்காட்டிக் குருவி கிருபாவதியின் குஞ்சு, ஓட்டைக் கொத்தி மூக்கை நீட்டி, ஒரே ஒரு முறை கத்திவிட்டு அடங்கிப்போனது. அவள் ஐயரிடம் ஓடினாள்.

"ஐயரே, எம்புள்ளைய கல்லறைத் தோட்டத்துக்குள்ள அடக்கம் பண்ணணும்."

ஐயர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு யோசித்தார். "ஞானஸ்நானம் ஆகலையேம்மா. செத்த குஞ்சுகள்ல தெரிந்துகொள்ளப்பட்டதுதான், அதாவது ஆண்டவர் முன்னமே தேர்ந்தெடுத்து வச்சதுதான், பரலோகம் போகும்னு அறிக்கையில இருக்கு. மத்ததுக்கு வேலிக்கு வெளியதான் இடம்."

"எம்புள்ள தெரிந்துகொள்ளப்பட்டதுதானே?"

"அது தேவ இரகசியம்."

அவள் கமிட்டிக்குப் போனாள். "ஆளுக்கொரு பிரிவ வேண்டாம்னு சொன்னீங்களே, எனக்காக இந்த ஒண்ணையும் சொல்லுங்க. செத்த குஞ்செல்லாம் ஆண்டவர்கிட்டதான் போகும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சிறுத்தை மூப்பருக்குக் கண் கலங்கியது. கண் கலங்குவதில் அவரை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. "ஆளாளுக்கு ஒவ்வொரு வரியா அடிச்சா, பெரியவங்க எழுதினதுல என்னம்மா மிஞ்சும்?" என்றார்.

"விசுவாசத்துல சமரசம் கிடையாது" என்றார் கொழுந்தியாளைக் கட்டியவர். ஊருக்குத்தானே உபதேசம்.

கிருபாவதி குஞ்சை வேலிக்கு வெளியே கூழாங்கற்களுக்கு நடுவே புதைத்தாள். பிறகு அந்த இடத்தைவிட்டு அவள் நகரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது, வேடர்கள் வந்து அந்த வேலியோரப் பாதையில் வலை விரித்தார்கள். ஆராதனை முடிந்து மான்கள் திரும்பின. அவற்றின் பின்னால், சபை அனுமதித்த மனச்சாட்சியோடு, சிறுத்தை மூப்பர் பதுங்கிப் பதுங்கி வந்தார். மான்கள் சட்டென்று வேறு வழியில் சிதறி ஓடின. தாவிய மூப்பர் வலைக்குள் கிடந்தார்.

பக்கத்துக் கல்லில் கிருபாவதி உட்கார்ந்திருந்தாள்.

"வேடன் வந்ததப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் மூப்பரய்யா. வேலிக்கு வெளிய இருக்கிறவளுக்குத்தானே முதல்ல தெரியும்?"

"ஆளக் கண்டா கத்துறதுதானே உங்க வழக்கம்? ஏன் கத்தல?"

"மான்களுக்குக் காதோட சொல்லிட்டேன். உங்களுக்குச் சொல்லத்தான் பயமா இருந்துச்சு. தப்புறது யாரு, அழியிறது யாருன்னு உலகம் உண்டாகுமுன்னயே குறிச்சாச்சுன்னு அறிக்கையில இருக்கே. நான் கத்தி அதை மாத்தப்போனா விசுவாசத்துல சமரசம் ஆயிடாதா?"

மூப்பர் அவசரமாகச் சொன்னார்: "தாயி, அந்தப் பிரிவும் எனக்கு மனச்சாட்சியில இடிக்குது. இப்பவே சொல்லிக்கிறேன்."

"சபை கூடி ஆமென் சொல்லணுமே மூப்பரய்யா."

வேடர்கள் அவரைக் கம்பில் கட்டித் தூக்கிப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு, நாரை ஐயர் உருக்கமாகப் பிரசங்கித்தார். மூப்பர் ஆசீர்வாதம் நிச்சயமாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர், இந்நேரம் பரலோகத்தில் முன்வரிசையில் இருப்பார் என்றார். தேவ இரகசியம் பற்றி அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. உடல் கிடைக்காததால் வெறும் பெட்டியைப் பாட்டோடும் மாலையோடும் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே அடக்கம் செய்தார்கள். கிருபாவதி வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதி: மூப்பராவதற்கு முன் யாரும் சாகக் கூடாது. குறிப்பாகக் குஞ்சுகள்.