நதிமூலம் கண்ட நீராவி

ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை. ஆனாலும், எதைச் சொன்னாலும் எதைக் காட்டினாலும் எதைக் கையில் கொடுத்தாலும், "இது எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்காமல் தொடாத ஓர் இனம் உலகத்தில் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு நல்ல செய்தியோடு அவர்களிடம் போனால், செய்தியை ஓரமாக வைத்துவிட்டு, உங்களுக்கு அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அப்போது கூட இருந்தவர் யார் என்று பின்பக்கமாகவே நடந்து நடந்து, சொல்ல வந்தவர் 'நமக்கேன் வம்பு' என்று எழுந்து போகும்வரை விடமாட்டார்கள். செய்தி என்ன ஆயிற்று? அது அங்கேயே ஆறிப்போய்க் கிடக்கும்.

இவர்களில் பெரும்பாலோருக்கு இது பொழுதுபோக்கு. ஒருவருக்கு மட்டும் இதற்கு மாதச் சம்பளமே கிடைத்தது. அவர் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானி. கடலுக்கு மேலே காற்றில் மிதக்கும் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. முடியுமா என்று கேட்காதீர்கள், முடியும். நமக்குத் தண்ணீர் எல்லாம் தண்ணீர்தான். ஆனால் அதன் மூலக்கூறுகளில் சில மட்டும் கொஞ்சம் கனத்தவை, ஐசோடோப்பு என்பார்கள். கடல் ஆவியாகும்போது இலேசானவை முந்திக்கொண்டு கிளம்பிவிடும். கனத்தவை, மாடிப்படி ஏறும் நம்மைப் போலவே, மூச்சு வாங்கிப் பின்தங்கும். மழையாகும்போதோ கனத்தவைதான் முதலில் இறங்கும். ஆகவே காற்றின் ஈரத்தில் கனத்தது எவ்வளவு, இலேசு எவ்வளவு என்று அளந்தால், அது இப்போதுதான் கீழே உள்ள கடலிலிருந்து எழுந்ததா, எங்கோ பெய்து ஓய்ந்த மழையின் மிச்சமா என்று சொல்லிவிடலாம்.

அலுவலகத்தில் அவருக்கு நதிமூலம் என்று பெயர். அவசரத்துக்கு 'மூலம் சார்'. புதிதாக வந்த கணக்கர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரு கூட்டத்தில் அவர் நாற்காலியில் மட்டும் கரிசனத்தோடு ஒரு மெத்தையைப் போட்டுவைத்தார். உட்காருமுன் அவர், அந்த மெத்தை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். வீட்டிலும் இதே கூத்துதான். மாமியாருக்கு முழங்கால் வலி என்று மனைவி சொன்னால், யார் சொன்னது என்பார். அம்மாவே சொன்னார் என்றால், அவருக்கு யார் சொன்னது என்பார். அந்த அம்மாள் தன் முழங்காலைப் பற்றி அதன்பின் மகளிடம்கூட மூச்சு விடுவதில்லை.

இப்படிப்பட்டவரை ஆய்வுக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். கூடவே ஓர் உதவி விஞ்ஞானி. கெட்டிக்காரப் பெண், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்தப் பயணத்தில் அவள் எடுக்கும் அளவுகளை வைத்துத்தான் அதை முடிவு செய்வார்கள். முன்பக்க மேல்தளத்தில் ஒரு குழாய் காற்றை உறிஞ்சி, கீழே அறையிலிருந்த கருவிக்கு அனுப்பியது. கருவி கோடு போட்டுக்கொண்டே இருந்தது.

கடலைவிடக் கடல்மேல் காற்றின் ஈரம் இலேசாக இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. ஆனால் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் கோடு குபீரென்று ஏறியது. ஏதோ ஓர் ஈரம், கடலளவுக்கே கனமாக, காற்றில் வந்து கலந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

நதிமூலம் சாருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. சமையல்காரரைக் கூப்பிட்டுக் கொதிக்கும் அண்டாக்களைப் பற்றி விசாரித்தார். சமையலறை கப்பலின் பின்கோடியில் இருந்தது. காற்றோ எதிர்ப்பக்கத்திலிருந்து வீசியது. இருந்தாலும் விசாரித்தார். எஞ்சின்காரரை விசாரித்தார். காலையில் தேநீர்க் கோப்பையோடு கேப்டன் எங்கே நிற்பது வழக்கம் என்று கேப்டனையே விசாரித்தார். கடைசியில், முன்பக்க மேல்தளத்துக்குத் தன்னைத் தவிர யாரும் போகக் கூடாது என்று உத்தரவு வாங்கிக் கயிறு கட்டினார்.

கோடு அப்போதும் ஏறியது. மனிதர் யாரும் காரணமில்லை என்றால்? கடல்தான் காரணம். காற்று அலைகளின் தலையைச் சீவி எறிகிறது. அந்தத் துளிகள் கீழே விழுவதற்குள் முழுக்கக் காய்ந்துவிடுகின்றன. முழுக்கக் காய்ந்தால் கனத்ததும் இலேசோடு சேர்ந்து மேலே போயே ஆக வேண்டும். அழகான யோசனை, நம்பக்கூடியதும்கூட. அன்றே இயக்குநருக்கு மின்னஞ்சல் போயிற்று. கப்பல் கரை சேர்ந்ததும் பெரிய கூட்டம் என்று பதில் வந்தது. இதைப் பற்றி எழுதப்போகும் கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையதுதான் என்று சார் சொன்னபோது, அந்தப் பெண் தன் அம்மாவுக்குப் பாதி சொல்லியும் சொல்லாமலும் ஒரு செய்தி அனுப்பினாள்.

அப்புறம் சாருக்குச் சளி பிடித்தது. போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். கோடும் படுத்துவிட்டது.

அலை அதே அலை, காற்று அதே காற்று. அவள் போய் அவரிடம் சொன்னாள். கடலின் போக்கு மாறியிருக்கிறது என்று போர்வைக்குள்ளிருந்து அவர் விளக்கம் கொடுத்தார். உடம்பு தேறி அவர் எழுந்து நடமாடிய காலையில் கோடும் எழுந்தது. அவள் கருவியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கயிற்றைத் தாண்டி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்ததைச் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பொய்க்கு அவள் பெயர்தான் முதலில் நிற்கும்.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்தார்கள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"உடம்பு சரியில்லாதப்போ நீங்க குளிக்கலை இல்லையா?"

கேப்டன் கரண்டியைக் கீழே வைத்தார். வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். நம்மவருக்கு ரத்தத்தில் ஊறியதுதான் முதலில் வந்தது.

"இதை உனக்கு யாரு சொன்னா?"

"கருவிதான் சார்."

இருவரும் மேலே போனார்கள். குழாயின் வாய்க்கு ஒரு முழம் முன்னால், காற்றில் பறந்துவிடாமல் இரண்டு முடிச்சுப் போட்டு, அவருடைய குளியல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. யாரும் வரக் கூடாது என்று அவரே கயிறு கட்டிய இடம். அங்கே கைப்பிடிக் கம்பி எப்போதும் காலி. தினமும் வசதியாகப் போட்டிருக்கிறார். கப்பலில் குளிக்கும் தண்ணீரோ உப்பு நீக்கிய கடல்தண்ணீர்தான்; கனத்தில் கடலேதான். துண்டு முழுக்கக் காய்ந்தால் கனத்ததும் மேலே போயே ஆக வேண்டும். யோசனையில் ஒரு பிழையும் இல்லை. அலைத்துளி இருக்க வேண்டிய இடத்தில் துண்டு இருந்தது, அவ்வளவுதான். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தேடினவனுடைய ஆடாவது ஒரு தடவை கத்தியிருக்கும்.

அவர் முடிச்சை அவிழ்க்க முயன்றார். முடிச்சு இறுகியிருந்தது, அவள்தான் அவிழ்த்துக் கொடுத்தாள். துண்டை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு, "மெயில் நானே போடறேன். உன் பேரை இதுல இழுக்க வேணாம்," என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பிறவிக்குணம் போகுமா? மின்னஞ்சலில், 'குழாயின் அருகில் ஒரு துண்டு காணப்பட்டது' என்று எழுதினார். யாருடைய துண்டு என்று இயக்குநர் தொலைபேசியில் கேட்டார்.

"அது எங்கேர்ந்து வந்ததுன்னு விசாரிச்சிட்டிருக்கோம் சார்," என்றார் நதிமூலம்.

பெரிய கூட்டம் நடக்கவில்லை. துண்டு காய்ந்த காலைகளை நீக்கிவிட்டுப் பார்த்ததில் அவளுடைய அளவுகள் சுத்தமாக, பரபரப்பில்லாமல், நம்பும்படியாக இருந்தன. வேலை நிரந்தரமாயிற்று. அவர் இப்போது புதியவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். ஏதோ ஒரு கப்பலில் யாரோ ஒருவர் துண்டு காயப்போட்ட கதையைச் சொல்லும்போது, அந்த யாரோவைப் பற்றி அவருக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, நீங்கள் சொல்லுங்கள். இவ்வளவையும் படித்ததும் முதலில் என்ன தோன்றியது? பாவம் மனிதர் என்றா? அல்லது, இது எந்த நிலையம், எந்தக் கப்பல், இதெல்லாம் கதை சொல்கிற இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்றா? இரண்டாவது என்றால், வீட்டில் உள்ளவர்களிடம் நயமாகக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். முதலில் வைத்தது யார் என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.