டில்லிச் சட்டமும் நாத நீரும்

காலை ஆறு மணிக்கே கோவில்பட்டி எட்டயபுரம் சாலைக் கல்யாண மண்டபத்தின் வாசலில் வரிசை நின்றது. புதூரிலிருந்து ஆட்டை விற்றுவிட்டு வந்தவர்கள், விளாத்திகுளத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தவர்கள், கடம்பூரிலிருந்து போளிப் பொட்டலத்தோடு வந்தவர்கள். சர்க்கரை நோய்க்கு வைத்தியம் தேடி வந்தவர்கள் கையில்தான் அந்தப் போளியும் இருந்தது. டாக்டருக்குக் காணிக்கையாம்.

டாக்டர் ஞானக் கார்த்திகேசன். இதில் கார்த்திகேசன் மட்டும் பெற்றவர்கள் வைத்தது. மற்ற இரண்டும் அவரே சூட்டிக்கொண்ட பட்டங்கள். ஐந்து வருடங்களுக்கு முன்பு இதே ஊரில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தார். மெஷினை விற்றால் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறார்கள். தண்ணீரை விற்றால் யாரும் கூப்பிடுவதில்லை. இதை அவர் கண்டுபிடித்தார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே கண்டுபிடிப்பு.

தண்ணீருக்கு நாத நீர் என்று பெயர். மந்திர ஒலி ஏற்றியது. ஒரு மண்டலம் குடித்தால் சர்க்கரை, சிறுநீரகம், மூட்டுவலி, பிள்ளையில்லாக் குறை எல்லாம் தீரும். இந்த மாதிரி ஆள் ஊருக்கு ஒருவர் உண்டு. கார்த்திகேசனை மற்றவர்களுக்கு மேலே தூக்கி உட்காரவைத்தது டில்லி.

நாடாளுமன்றத்தில் அப்போதுதான் ஒரு சட்டம் நிறைவேறியிருந்தது. பெரிய நோய்களுக்கு மருந்து தேடி, மற்றவர்கள் தொடத் தயங்கும் ஆராய்ச்சிகளில் இறங்குபவர்களுக்குப் பணம் கொடுக்க அரசே ஒரு முகமை அமைக்கும். நல்ல சட்டம். பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. கோவில்பட்டியில் அதை வரி விடாமல் படித்தவர் கார்த்திகேசன் ஒருவர்தான்.

மறுவாரமே மண்டப மேடையில் வெள்ளைக் கோட்டும் உருத்திராட்சமுமாக நின்றார். பின்னால் சிங்க முத்திரை போட்ட கடிதம், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தது.

"புது முகமை நாட்டிலயே முதல் ஆராய்ச்சியா நம்ம நாத நீரத்தான் எடுத்திருக்காங்க. ஆனா ஒரு சட்டப் பிரிவு இருக்கு. பத்தாயிரம் நோயாளிங்க பேர் பதிஞ்சாத்தான் நிதி வரும். நிதி வந்துட்டா உங்களுக்கு ஆயுசு முழுக்க இலவச வைத்தியம்."

அப்படி ஒரு பிரிவு சட்டத்தில் இல்லை. யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? பதிவுக் கட்டணம் குவிந்தது. கையில் காசில்லாதவர்கள் மிளகாய் வற்றலைச் சாக்கோடு இறக்கினார்கள். ஆராய்ச்சி காரமாகவே நடந்தது.

இன்னொரு நிபந்தனையும் போட்டார். பதிந்தவர்கள் ஆஸ்பத்திரி மருந்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும்.

அந்த நிபந்தனையை நெஞ்சில் கைவைத்து ஏற்றுக்கொண்டவர் சுடலைமணி. தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், லாரிக்குப் பண்டல் ஏற்றுகிறவர். எட்டு வருடமாகச் சர்க்கரை, தினமும் ஊசி. ஒரு பெட்டி நாத நீரைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், ஊசி மருந்தைக் குப்பையில் போட்டார். பன்னிரண்டு பாட்டில் தீர்ந்து இரண்டாவது பெட்டி வந்தபோது அவருடைய வலது காலில் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புண் வந்திருந்தது.

அவர் மனைவி சுந்தரேஸ்வரியும் அதே ஆபீஸில்தான் வேலை. பண்டலுக்கு ஒரு பெட்டியை உருவி, குச்சியை உரசிப் பார்த்துத் தரம் சோதிக்கிற வேலை. பற்றாவிட்டால் பண்டலையே தள்ளிவிடுவாள். ஒருநாள் காலை புண்ணைக் கழுவ உட்கார்ந்தவள் நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, இது சாதாரணப் புண்ணு இல்ல. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சும்மா கெட ஏட்டி. கெட்ட நீர் வெளியேறுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்பப் போய் ஊசியப் போட்டா எல்லாருக்கும் வர நிதியில மண்ணு விழுந்துரும்."

"நிதி வாரதுக்குள்ள காலு போயிரும்."

"டில்லிக்காரன விட உனக்குத் தெரியுமோ?"

அழுதும் பார்த்தாயிற்று, சண்டை போட்டும் பார்த்தாயிற்று. மூலையில் இரண்டாவது பெட்டி உடைக்காமல் இருந்தது. அவள் அதைப் பிரித்து, பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றி, கயிறு கட்டி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டாள்.

"வாங்க, டாக்டருட்டயே கேட்டுருவோம்" என்றாள். அதற்குச் சுடலைமணி மறுப்புச் சொல்லவில்லை. நொண்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்.

மண்டபத்தில் தினசரி வித்தை நடந்துகொண்டிருந்தது. கார்த்திகேசன் கையில் கயிறு கட்டிய செப்புக் குண்டு. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டுதான். விபூதி பூசியதும் அது விஞ்ஞானக் கருவியாகிவிட்டது. நாத நீர் பாட்டிலுக்கு மேலே பிடித்தால் வலப்பக்கம் சுற்றியது. உயிர் நீராம். குழாய்த் தண்ணீருக்கு மேலே இடப்பக்கம் சுற்றியது. செத்த நீராம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சுந்தரேஸ்வரி மேடையேறிக் கும்பிட்டாள்.

"டாக்டரய்யா, டில்லி ஆபீசருங்க வந்தா, பாட்டில்ல ஒட்டுன பேரப் பாத்துத்தான் குண்டச் சுத்துதீங்கன்னு சொல்லிறக் கூடாதுல்லா. அதான் பேரு தெரியாம சுத்திக் கொண்டாந்திருக்கேன். எது உயிர் நீரு, எது செத்த நீருன்னு குண்டே சொல்லட்டும். ஒரு ஒத்திகைன்னு வச்சுக்கிடுங்க."

கார்த்திகேசன் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் குறைந்தது. "இன்னைக்கு கிரக நிலை..." என்று ஆரம்பித்தார்.

முன்வரிசையிலிருந்து புதூர்க்காரர் தங்கப்பாண்டி எழுந்தார். மூன்று சாக்கு வற்றல் கொடுத்தவர். டாக்டர்மேல் அவ்வளவு பக்தி.

"செஞ்சு காட்டுங்க டாக்டர். அந்தம்மா வாய அடைங்க."

பக்தனே கேட்டபின் சாமி மறுக்க முடியுமா? குண்டு சுற்ற ஆரம்பித்தது. ஒன்று, செத்த நீர். இரண்டு, உயிர் நீர். மூன்றும் நான்கும் செத்த நீர். ஏழாவதுக்கு மேலே குண்டு வெறிபிடித்ததுபோல இடப்பக்கம் சுழன்றது.

"இது விஷம். கையால கூடத் தொடாதீங்க" என்றார் டாக்டர்.

முடிவில் நான்கு பாட்டில் உயிர் நீர், எட்டு செத்தது. தங்கப்பாண்டி பலத்த குரலில் எண்களைச் சொல்லிச் சரிபார்த்தார். கூட்டம் கைதட்டியது.

"நீங்களே பிரிங்க அண்ணாச்சி" என்றாள் சுந்தரேஸ்வரி.

அவர் முதலில் விஷத்தைத்தான் பிரித்தார். ஏழாம் எண். பேப்பருக்குள்ளிருந்து, பாட்டில் லேபிளில் அச்சடித்த படத்தில், டாக்டர் ஞானக் கார்த்திகேசன் சிரித்தார். நாத நீர், சீல் உடையாதது, அடியில் சுடலைமணியின் பதிவு எண். அடுத்ததைப் பிரித்தார். அதிலும் டாக்டர் சிரித்தார். பன்னிரண்டு பேப்பருக்குள்ளும் பன்னிரண்டு டாக்டர்கள் சிரித்தார்கள். மேடையில் நின்ற பதின்மூன்றாமவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாம் உங்க பாட்டில்தான்" என்றாள் சுந்தரேஸ்வரி. "எதையும் நான் தொறக்கல. உங்க தண்ணிய உங்க குண்டுக்கே தெரியலயே."

"அசுத்தமான கை பட்டிருக்கு. அதான் சக்தி போயிருச்சு."

தங்கப்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் ஒரே கை பட்டதுதான? பெறவு நாலு மட்டும் எப்படித் தப்பிச்சு?"

தியான நேரம் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் பின்பக்கம் நழுவினார். சமையல்கட்டு வழியே ஓடியவரை, வற்றல் கொடுத்தவர்கள் அண்டாக்களுக்கு நடுவே மடக்கிப் போலீஸில் கொடுத்தார்கள். சிங்க முத்திரை மதுரையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடையில் செய்தது. டில்லி முகமைக்கு இன்னும் அதிகாரிகளையே நியமிக்கவில்லை. நாற்காலிகூட வாங்காத அலுவலகத்திலிருந்துதான் அந்தக் கடிதம் வந்திருந்தது.

சுடலைமணி மேடை ஓரத்தில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போவோமாட்டி?" என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். இவர் படித்து வாங்கிய டாக்டர்.

அன்று மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு அம்மாள் சுந்தரேஸ்வரியின் கையைப் பிடித்திருக்கிறாள்.

"எல்லாம் சரி தாயி. குண்டு உயிர் நீருன்னு சொன்ன அந்த நாலு பாட்டில எனக்குத் தருவியா?"

என்ன செய்ய? ஆராய்ச்சி செய்ய டில்லியில் சட்டம் போடலாம். யோசிக்கச் சொல்லி எந்த நாடாளுமன்றமும் சட்டம் போட முடியாது. அந்த ஒரு சட்டத்தை அவரவர் மண்டைக்குள்தான் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு உங்கள் ஒரு ஓட்டே போதும்.