தீவில் ஒரு நிமிஷம் தனியாக

"உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பேசு."

"இங்க இல்ல."

"பின்ன எங்க?"

செவ்வாய்க்கிழமை காலை, குக்கர் விசில் அடிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் அனுபமா சமையலறையில் புருஷன் சௌந்தரராஜனிடம் இந்தப் பேச்சை எடுத்தாள். விசில் சட்டென்று அடங்கிவிட்டது. கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"பேசறதுக்கு எதுக்குடா எடம் தேடறீங்க? இங்க வந்து உக்காந்து பேசுங்க!"

அமீர்பேட்டில் அவர்கள் இருந்த ஃபிளாட் அப்படி. சுவர் என்று பெயர்தான். பக்கத்து ஹாஸ்டலில் ஜாவா மனப்பாடம் செய்வதுகூட இந்தப் பக்கம் கேட்கும். எஸ்.எம்.எஸ். அனுப்பலாமென்றால், சௌந்தரராஜன் வந்த செய்தியை வாய்விட்டுப் படிக்கிற ரகம். பைக்கில் போகும்போது ஒருமுறை முயன்று பார்த்தாள். பஞ்சகுட்டா நெரிசலில் அவன் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "வீடு! வீடு!" என்று கத்தினாள்.

"ஆமா, வீட்டுக்குத்தான் போறோம்!" என்று அவனும் கத்தினான்.

விஷயம் தனிக்குடித்தனம். மாமியார் கனகவல்லி கெட்டவள் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம். கெட்டவளாக இருந்தால் ஒரு சண்டையோடு முடித்திருக்கலாம். மாமனார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். லாலாகுடா குவார்ட்டர்ஸிலேயே வாழ்ந்த கனகவல்லி, அவர் போன பிறகு மகனோடு வந்துவிட்டாள். அவள் முகத்துக்கு நேரே 'நாங்கள் தனியாகப் போகிறோம்' என்று எப்படிச் சொல்வது? ஆனால் கல்யாணமாகி எட்டு மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேசிய நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விளம்பர இடைவேளைகூடத் தேறாது.

இப்போது ஆபீஸ் தோழி சபீனா குக்கட்பல்லியில் தன் வீட்டைக் காலி செய்கிறாள். வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தீவைப் பற்றி அனுபமாவுக்குத் தெரிந்தது. ஊருக்கு வெளியே ஏரி. நடுவில் சின்னத் தீவு. பறவைகள் கூடு கட்டும் இடமென்பதால் பெட்ரோல் வண்டிக்கு அனுமதி கிடையாது. சுற்றிப் பார்க்க பேட்டரி பைக் வாடகைக்குத் தருவார்கள். சத்தமே வராது. பின்னால் உட்கார்ந்து காதோடு காதாகப் பேசிக்கொண்டே போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை படகிலிருந்து முதல் ஆளாகத் தீவில் குதித்தது கனகவல்லி. கையில் புளியோதரைத் தூக்கு.

"அத்தை, வெயில் ஏறிடும். நீங்க இந்த வேப்பமரத்தடியில உக்காந்திருங்க. நாங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறோம்" என்றாள் அனுபமா, தேன் சொட்ட.

"நக்கோ, நக்கோ! வேண்டாம்மா, உக்காரத்தான் வீட்டுல சோபா இருக்கே. நானும் வரேன்."

வண்டிகளை வாடகைக்கு விடும் இர்பான் பாய் மருதாணித் தாடியைத் தடவிக்கொண்டார். சின்ன வயதில் லாலாகுடா தமிழ்ப் பையன்களோடு கிரிக்கெட் ஆடியவராம். "ஒரு வண்டிக்கு ரெண்டு பேருதான் அம்மா. மூணு பேர் நக்கோ."

அனுபமாவுக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. அடுத்த நொடியே கனகவல்லி மகனின் பின்னால் ஏறி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அனு ஸ்கூட்டி ஓட்டறவதானே? அவளுக்குத் தனி வண்டி குடுங்க பாய்."

பத்து நிமிஷம் அவர்களுக்குப் பின்னால் தனியாக ஓட்டியதில் அனுபமா ஒரு விஷயத்தைக் கவனித்தாள். மாமியார் மகனின் காதருகே குனிகிறாள், திரும்பி இவளைப் பார்க்கிறாள், வாயை மூடிக்கொள்கிறாள். 'என்னைப் பற்றி வத்தி வைக்கிறாள்' என்று நினைத்ததும் அனுபமாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. சட்டென்று பிரேக் போட்டாள்.

"ஏங்க! எனக்குத் தனியா ஓட்ட பயமா இருக்குங்க!"

"தினம் மாதாப்பூர் வரைக்கும் ஓட்டற, இந்த ஆளில்லாத ரோட்டுல பயமா?" என்றான் சௌந்தரராஜன், உலகம் தெரியாதவன்.

"ஆளில்லாததுதான் பயம்!"

இர்பான் பாயைப் போனில் கூப்பிட்டார்கள். இன்னொரு பைக்கில் வந்தவர், அனுபமாவின் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கனகவல்லியைத் தன் பின்னால் ஏற்றிக்கொண்டார். அனுபமா ஒரு வழியாகப் புருஷனின் முதுகைப் பிடித்துவிட்டாள். ஆனால் மாமியார், "பாய், பக்கத்துலயே போங்க, புள்ளைங்கள விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட, இரண்டு வண்டியும் கல்யாண ஊர்வலம் மாதிரி ஜோடியாகப் போயின. இன்ஜின் சத்தம் இல்லாததால், அனுபமா மூச்சு விட்டதுகூட எல்லோருக்கும் கேட்டது.

"நாம தனியா..." என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னம்மா தனியா?" கேட்டது மாமியார்.

"தனியா... ஒரு கொக்கு நிக்குது அத்தை, பாருங்க."

"ஹவ், ஆமா! பாவம், அதுக்கும் ஜோடி இல்ல போல" என்று சொல்லிவிட்டு, கனகவல்லி ஒரு பெருமூச்சு விட்டாள்.

அனுபமா பல்லைக் கடித்துக்கொண்டு புருஷனின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "வேகமாப் போங்க!"

"எதுக்கு?"

"போங்கன்னா போங்க!"

பயந்துபோய் முழுசாக முறுக்கினான். இர்பான் பாயின் வண்டி பின்தங்கியது. ஒரு வளைவில் மறைந்தே போனது. தீவின் மறுகோடிக்கு வந்ததும் இவர்கள் வண்டி முனகி, தள்ளாடி, நின்றுவிட்டது. பேட்டரி காலி.

"ஐயையோ" என்றான் அவன்.

"அப்பாடா" என்றாள் அவள். கீழே இறங்கினாள். சுற்றிலும் தண்ணீர், ஒரு ஈ காக்கை இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சௌந்தர், நான் சொல்றத முழுசா கேளுங்க. கோபப்படக் கூடாது. நாம..."

"என்னாச்சுடா வண்டிக்கு?"

முதுகுக்குப் பின்னால் மாமியார். வந்த சத்தமே இல்லை. 'சைலன்ஸர் இல்லாத புல்லட்டில் வந்திருந்தால் கால் கிலோமீட்டரிலேயே தெரிந்திருக்குமே' என்று அனுபமா மனசுக்குள் அழுதாள். இந்தச் சனியன் பிடித்த வண்டியைத் தேடிப் பிடித்ததும் அவளேதான்.

இர்பான் பாய் பேட்டரியைத் தட்டிப் பார்த்தார். "ஓரமா நிறுத்தின வண்டியிலயும் சார்ஜ் கம்மி. வேற பேட்டரி படகுத்துறைலதான் இருக்கு. கனம் ஜாஸ்தி. பின்னால உக்காந்து புடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

"அத்தை, நீங்க பாயோட போய் மரத்தடியில..." என்று அனுபமா தொடங்கினாள்.

"எனக்கு ஏதும்மா தெம்பு? நீ சின்னப் பொண்ணு, நீ போ."

"அப்ப இவரு போகட்டும்."

"அவனுக்கு இடுப்பு வலி. இப்பதான் புடிச்சுக்கிட்டு நின்னான்."

கிள்ளிய இடத்தைத் தடவியபடி சௌந்தரராஜன் தலையாட்டினான். "ஆமா அனு, ஏன்னே தெரியல. நீயே போய்ட்டு வந்துடேன்."

இர்பான் பாயின் பின்னால் உட்கார்ந்து போன அனுபமாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு நிமிஷம். புருஷனோடு ஒரே ஒரு நிமிஷம். அதற்காக ஏரியைத் தாண்டித் தீவுக்கு வந்து, கடைசியில் தாடிக்கார பாயோடு பேட்டரி தூக்கப் போகிறாள். அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஜாலியாகப் புளியோதரை சாப்பிடுவார்கள். நாளைக்குச் சபீனாவின் வீடும் போய்விடும்.

"பாய், வண்டியத் திருப்புங்க."

"பேட்டரி?"

"பேட்டரி கெடக்கட்டும். எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். அழுதாலும் சரி, அடிச்சாலும் சரி!"

இர்பான் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்பது கல்யாணமான மனிதருக்குத் தெரியாதா? மறுபேச்சில்லாமல் திருப்பினார்.

அம்மாவும் பிள்ளையும் தண்ணீரைப் பார்த்துப் பாறை மேல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வந்து நின்றது அவர்களுக்குத் தெரியவே இல்லை. அனுபமா இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகி, வாயைத் திறந்தாள்.

அதற்குள் கனகவல்லி சொல்லிக்கொண்டிருந்தாள்:

"கோவிச்சுக்காதடா சௌந்தர், லாலாகுடா பக்கமா எனக்குத் தனியா ஒரு வீடு பாத்துக் குடு, எட்டு மாசமா உன்கிட்ட கேக்கணும்னு பாக்கறேன், இந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் உன்னத் தனியா விட்டாத்தானே!"