மேட்டுக்குடிக்கு ஒரு ரவுண்டு

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வருவது அபூர்வம். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று, "இது எடுப்பா இருக்கா, அது எடுப்பா இருக்கா?" என்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறவர்களிடம், "ரெண்டுமே உங்க மூக்குக்காகவே செஞ்சது சார்" என்று சொல்லிப் பழகிய மனுஷன். அப்பேர்ப்பட்டவரை வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மனைவி ஒரே வாக்கியத்தில் கொதிக்க வைத்துவிட்டாள்.

"ஏங்க, தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் ஞாயித்துக்கிழமை வராங்க."

"வரட்டும்."

"ரெண்டு நாள் இருப்பாங்க."

"இருக்கட்டும்."

"உங்க சகலைக்கு வர மனசே இல்லையாம். 'அந்த ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு'ன்னு கேட்டாராம்."

வாய்க்குப் போன கை பாதி வழியில் நின்றது.

"என்ன கேட்டான்?"

"விடுங்க. ஏதோ வாய் தவறி வந்திருக்கும்."

"வாய் தவறியா? அந்த ஆளுக்கு வாய் திறக்கறதே அதிசயம். திறந்தா இதுவா வரணும்?"

சகலை ஒரு பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சின்ன ஊர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். சாப்பிடறீங்களா என்றால் பாக்கலாம். தூக்கம் வருதா என்றால் பாக்கலாம். அதனால் குடும்பத்தில் அவர் பெயரே 'பாக்கலாம்' ஆகிவிட்டது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார். பெண்ணைத்தான் பார்க்கலாம் என்கிறார் என்று நினைத்துக் கூட்டி வந்து காட்டினார்கள். காரியம் முடிந்துவிட்டது.

அந்தப் பாக்கலாம், தன் ஊரில் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டார். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், அதற்கும் மேலே எங்கேயும் போகாத ஒரு படிக்கட்டு. அதன் போட்டோ சொந்தக்காரர்கள் எல்லார் போனிலும் இருந்தது. கண்ணாடிக்காரர் குடியிருப்பதோ மூணாவது மாடியில், வாடகைக்கு. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் பாத்ரூம் கதவு திறக்காது. உள்ளே யாராவது இருந்தால், வெளியே இருப்பவர் பால் எடுத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை அவனுக்கு ஒரு ரவுண்டு காட்டறேன்" என்று கர்ஜித்தார் கண்ணாடிக்காரர்.

"ஐயோ, வேணாங்க. பாவம். அவர் வெகுளி. அந்த வீடுகளையெல்லாம் பாத்தா அசந்து போயிடுவாரு."

"அசரட்டும்!"

மனைவி பெருமூச்சு விட்டபடி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ரவுண்டு என்றால் மேட்டுப் பக்கம். ஊரிலேயே மேடான இடம் அது; மேட்டுக்குடி இருப்பதும் அங்கேதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மற்றவர்கள் பாய் போடுவார்கள். இவர் கியர் போடுவார். வந்தவர் முகம் கழுவி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். மேட்டு வீடுகளைத் தானே கட்டிக் கொடுத்தவர் மாதிரி காட்டிக்கொண்டே போவார். அங்கே ஒரு செங்கல்லும் அவருடையது இல்லை என்பது வேறு விஷயம். காட்டுகிறவனுக்கும் கொஞ்சம் ஒட்டும் இல்லையா, வாசனை மாதிரி?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சகலை முன் சீட்டில் உட்கார்ந்தார். அக்காவும் தங்கையும் பின்னால். மேடு தொடங்கியதும் கண்ணாடிக்காரர் ஏசியை அணைத்தார். ஏறுவதையும் குளிர்வதையும் ஒரே நேரத்தில் செய்ய அந்த வண்டிக்குத் தெரியாது.

"சகலை, வலது பக்கம் பாருங்க. அந்த மதில் தொடங்குது. எங்க முடியுதுன்னு சொல்லுங்க, பாப்போம்."

சகலை பார்த்தார். மதில் முடியவில்லை. வண்டி வளைந்தது, மதிலும் வளைந்தது.

"இது ஒரே வீடா?"

"ஒரே வீடு. அங்க தோட்டத்துல புல்லு வெட்டறதுக்கே காரு மாதிரி ஒண்ணு வச்சிருக்கான். ஆள் மேல உக்காந்து ஓட்டறான். நம்ம வண்டியைவிட அதுக்கு இழுவை அதிகம்."

"அக்கா" என்றாள் தங்கை, கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு. "இத்தனை வீடு வந்துடுச்சு. ஒரு வீட்லயும் மனுஷங்களையே காணோமே. எங்க இருப்பாங்க?"

"அதான் எனக்கும் தெரியல. எத்தனையோ தடவை வந்துட்டேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். ஒரு மாடியிலயும் கொடி இல்லையே, இவங்க துணியை எங்க காயப்போடறாங்க?"

"மெஷின்ல காயும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"மெஷின் போர்வையைக் காய வைக்குமா?"

"பெரிய மெஷினா இருக்கும்."

"இவ்ளோ பெரிய வீட்ல சாப்பாடு ஆயிடுச்சுன்னா புருஷனை எப்படிக் கூப்பிடுவாங்க?" இது தங்கை.

"இங்க கேள்வி கேக்கக் கூடாது. பாக்கணும். அவ்வளவுதான். சகலை, இதோ வருது பாருங்க, தூண் வச்ச வீடு. இருதய டாக்டர். நமக்கு ரொம்ப வேண்டியவர். கண்ணாடி நம்மகிட்டதான்."

"போன தடவை எங்க பெரியப்பா வந்தப்போ இது கப்பல் முதலாளி வீடுன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் ஒரு வினாடிகூடத் தடுமாறவில்லை. "கப்பல்காரருக்கு இருதயத்துல கோளாறு. வைத்தியம் பாத்த டாக்டருக்கே வித்துட்டாரு."

"மாமா, கேட்டுல ஏதோ போர்டு தொங்குது" என்றாள் தங்கை.

"நாய் இருக்கும். ஜாக்கிரதைன்னு போட்டிருப்பாங்க."

"இல்ல மாமா. 'வீடு விற்பனைக்கு. உள்ளே வந்து பார்க்கலாம்'னு போட்டிருக்கு. ஏங்க, உங்க பேரைப் போட்டே கூப்பிட்டிருக்காங்க!"

கண்ணாடிக்காரரின் கால் ஆக்ஸிலரேட்டரைத் தேடியது. ஆனால் பின்னாலிருந்து மனைவியின் குரல் முந்திக்கொண்டது.

"நிறுத்துங்க! உங்க டாக்டர் வீடு விக்கறதை உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"அது... டாக்டர் இந்நேரம் தூங்குவாரு. தொந்தரவு பண்ணக்கூடாது."

"பாக்கலாம்" என்றார் சகலை. ஆயுளில் முதல் தடவையாக அந்த வார்த்தைக்கு உரிய அர்த்தத்தோடு சொன்னார். சொன்னவர் கதவைத் திறந்து இறங்கியும் விட்டார்.

வாசலில் ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருந்தாள். சாயம் போன வீட்டுப் புடவை. மூக்கில் சரிந்து விழும் கண்ணாடி. அது வேறு கடையில் வாங்கியது என்று தூரத்திலேயே கண்ணாடிக்காரருக்குத் தெரிந்துபோயிற்று.

"வாங்க, வாங்க. வீடு பாக்க வந்தீங்களா?"

"ஆமாம்மா. இவர் உங்க டாக்டருக்கு ரொம்ப வேண்டியவர்" என்றாள் மனைவி, கணவரைக் காட்டி.

"எந்த டாக்டர்? இங்க டாக்டரே கிடையாதே. எங்க வீட்டுக்காரர் குடைக் கம்பெனி வச்சிருந்தாரு."

எல்லாரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள்.

"அதைத்தான் சொன்னேன்" என்றார் அவர். "குடை விஷயத்துல அவர் டாக்டர் மாதிரி."

அந்த அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "வாஸ்தவம்தான். உடைஞ்ச கம்பியைத் தொட்டுப் பாத்தே சொல்லிடுவாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனாள்.

கண்ணாடிக்காரரும் இன்றுதான் முதல் தடவையாக உள்ளே வருகிறார். கூடம் ஒரு கல்யாண மண்டபம் அளவு இருந்தது. நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் ஒற்றை ஸ்டூல், சின்ன டிவி, மாத்திரை டப்பா. இவ்வளவு பெரிய வீட்டில் அந்த அம்மா குடியிருந்தது அந்த மூலையில்தான். எப்போதும் வெளியிலிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்ட அவருக்கு, உள்ளே வந்ததும் ஏனோ அந்த அம்மாவை உட்காரவைத்துக் கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும் போல இருந்தது. கேட்டு வாங்கினார். காம்பை லேசாக அழுத்தி வளைத்துத் திரும்ப மாட்டிவிட்டார்.

"அடேடே, நிக்குதே!" என்றாள் அந்த அம்மா.

மனைவிக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. "அம்மா, தப்பா நினைக்காதீங்க. துணி எங்க காயப்போடுவீங்க?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே பின்பக்கக் கதவைத் திறந்தாள். இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு நைலான் கயிறு. அதில் ஒரு போர்வை, ஒரு துண்டு, கிழிசல் தைத்த ஒரு பாவாடை.

"நம்மளை மாதிரியேதான்" என்று மனைவி தங்கையின் காதில் சொன்னாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம், நிறையத் திருப்தி.

"வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று தங்கையும் கேட்டுவிட்டாள்.

"தட்டுல கரண்டியால அடிப்பேன். அதுக்கும் வரமாட்டாரு."

சகலை மட்டும் வேறு மாதிரி கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ல தண்ணி எப்படி?"

அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்காரர் பாய்ந்தார். "தண்ணியா? திறந்தா மூட முடியாது சகலை!"

"கொசு?"

"கொசுவை நாங்க படத்துலதான் பாக்கறோம்."

"இங்கேர்ந்து தொழிற்பேட்டைக்குப் போக எவ்வளவு நேரமாகும்?"

"காலையில ஏறி உக்காந்தா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள."

சகலை எதற்குத் தொழிற்பேட்டையைக் கேட்கிறார் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றவே இல்லை. பொறாமை வந்தவன் எதையாவது கேட்கத்தான் செய்வான் என்று விட்டுவிட்டார். அக்கா தங்கையைக் கிள்ளியதும், தங்கை அக்காவைத் திருப்பிக் கிள்ளியதும் அவர் கண்ணில் படவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் சகலை பேசவில்லை. பாக்கலாம்கூட இல்லை. ஜன்னல் வழியே ஒவ்வொரு வீடாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார். 'ஆள் அடங்கிட்டான்' என்று கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். இறக்கத்தில் ஏசியைக்கூடப் போட்டார்.

வீட்டுக்கு வந்து காபி குடித்து முடித்ததும் சகலை போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். "சார், வணக்கம். யோசிச்சுட்டேன். அந்தப் புது ஃபேக்டரிக்கு நானே வரேன் சார். ஆமா சார், குடும்பத்தோட."

கண்ணாடிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த ஃபேக்டரி?"

"நம்ம ஊர்த் தொழிற்பேட்டையில பிஸ்கட் கம்பெனி புதுசா கட்டியிருக்காங்கல்ல?" என்றாள் மனைவி. "அதுக்கு இவரைப் பெரிய பதவி குடுத்துக் கூப்பிடறாங்க. இவர் பிடி குடுக்கவே இல்ல. நானும் தங்கச்சியும் போன்ல பேசிப் பேசித் தொண்டை தண்ணி வத்திப்போச்சு. அந்த ஊர்ல என்ன இருக்குன்னே கேட்டுக்கிட்டிருந்தாரு. நீங்க ஒரே ரவுண்டுல முடிச்சுட்டீங்க!"

கண்ணாடிக்காரருக்கு இப்போதுதான் வெள்ளிக்கிழமைப் பெருமூச்சின் பொருள் விளங்கிற்று. அவசரமாகச் சகலை பக்கம் திரும்பினார்.

"சகலை, ஒரு விஷயம். தண்ணி நான் சொன்ன அளவுக்கு இல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். கொசு வேற, ஆளைத் தூக்கிட்டுப் போயிடும். தொழிற்பேட்டை ரோட்ல காலையில மாட்டினா..."

சகலை அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. "அண்ணே, உங்க அடக்கம் யாருக்கும் வராது. இப்பேர்ப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு இப்படிப் பேசறீங்களே!"

கண்ணாடிக்காரர் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப்போனார். ஃப்ரிட்ஜ் கதவு பாதி திறந்திருந்தது; பாத்ரூமுக்குள்ளிருந்து தங்கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க தங்கப் போறாங்க?"

"வேற எங்க? இங்கதான். முன் ரூமை ஒழிச்சுக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். நீங்க ஹால்ல படுத்துக்கங்க. காத்து வரும்."

"எத்தனை நாளைக்கு?"

"ரொம்ப நாள் இல்லீங்க. மேட்டுப் பக்கம் நீங்க காட்டின மாதிரி ஒரு வீடு, அவர் சம்பளத்துக்குள்ள கிடைக்கிற வரைக்கும்தான்."