கடைமடைக்கு வராத கறுப்பு

திருக்காட்டுப்பள்ளி,
வெள்ளிக்கிழமை.

மாப்பிள்ளை வெற்றிசெல்வன் அவர்களுக்கு மாமனார் இராஜாங்கம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சம்பா நாற்றும் சௌக்கியம். அங்கு நீங்களும் ஜீவிதாவும் ஆராய்ச்சிக் கூடத்து மீன்களும் சௌக்கியமா? போனில் இப்போது எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுவதால் கடிதமாக எழுதுகிறேன்.

விஷயம் வீரனைப் பற்றியது. மோட்டார் ஒயரை எவனோ அறுத்துக்கொண்டு போனதால் காவலுக்கு இராஜபாளையம் நாய் வாங்கினேன் அல்லவா? ஒரு பொட்டுக் கறுப்புகூட இருக்கக் கூடாது என்று நான்தான் பொறுக்கி எடுத்தேன். கூப்பிட்டால் அது திரும்பவில்லை. இந்த வீட்டில் என் பேச்சுக்கு அதுதான் மரியாதை என்பதால் முதலில் சந்தேகம் வரவில்லை. பிறகு, விற்றவர் தெலுங்கு பேசியது ஞாபகம் வந்து, பாஷைதான் கோளாறு என்று முடிவுகட்டி, வாய்க்கால் கரையில் நின்று "இக்கட ரா, இக்கட ரா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வயல் மருதையன், "அண்ணே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று ஓடி வந்தான். உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் 'மிட்ஃப்' என்றீர்களாம்; என் காதில் 'மிட்டாய்' என்று விழுந்தது. ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கிப் போட்டேன். தின்றது, திரும்பவில்லை.

அப்புறம் நீங்கள் வாட்சப்பில் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்து, என் புத்திக்கு எட்டியபடி புரிந்துகொண்டேன். ஜீன் என்பது மதகு. மிட்ஃப் என்கிற புரதம் மதகு திறக்கிற லஸ்கர். அவர் வந்து ஷட்டரைத் தூக்கினால்தான் நிறமிச் செல் பிழைக்கும், கறுப்பும் தயாராகும். குட்டி வயிற்றில் இருக்கும்போதே அந்தச் செல்கள் முதுகுப் பக்கமிருந்து கிளம்பி உடம்பெல்லாம் போக வேண்டும். லஸ்கர் சரியாகத் திறக்காவிட்டால் கடைமடைக்குப் போய்ச் சேராது. நமக்குத் தெரியாத கதையா! தோலுக்கு வராவிட்டால் வெள்ளையோடு போயிற்று. காதுக்குள் வராவிட்டால் செவிடு. அப்படியானால் நான் அழகென்று பொறுக்கியதே அந்தக் கோளாறைத்தான்.

நீங்கள் சொன்ன சோதனையும் ஆயிற்று. அத்தை வீரனுக்குப் பின்னால் எவர்சில்வர் தாம்பாளத்தைப் போட்டாள். அது திரும்பவில்லை. நானும்தான் திரும்பவில்லை, கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் பாத்திரம் விழுந்தால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே, திங்கட்கிழமை அதைத் திருப்பி அனுப்ப முடிவு செய்துவிட்டேன். "காலடியிலயே கெடக்கு, எப்படிங்க மனசு வருது?" என்கிறாள் அத்தை. எனக்கும் வரவில்லைதான், சோறே இறங்கவில்லை. ஆனாலும் காது கேட்காததைக் காவலுக்கு வைத்து என்ன செய்வது? முடிவு மாறாது. ஜீவிதாவிடம் பக்குவமாகச் சொல்லவும்.

கடைமடைவரை தண்ணீர் பாய்கிற மாதிரி உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் குறைவின்றி வந்து சேரட்டும்.

அன்புள்ள மாமனார்,
இராஜாங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வீரன் வந்து என் வேட்டியைக் கவ்வி இழுத்தான். பின்னாலேயே போனால், அடுப்படியில் அத்தை தட்டோடு நிற்கிறாள். சாப்பிட வரச்சொல்லி என்னை அரைமணியாகக் கூப்பிட்டாளாம். கடைசியில் கையைக் காட்டி அவனை அனுப்பினாளாம். "செவிட்டைத்தான் அனுப்பணும்னா மொதல்ல நீங்க கெளம்புங்க. அது கையக் காட்டினாலாவது வருது!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். எனக்கும் கேட்டது. வீரன் இங்கேயே இருக்கட்டும். திங்கட்கிழமை என்னைத்தான் காது டாக்டரிடம் கொண்டுபோகிறார்கள்.