பெட்டிக்கு அடியில் ஒரு தகடு

காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வந்ததுபோல் ஒரு அம்மாள் தோளில் எதையோ சாய்த்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒருவர் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, வெயில் படாமல் கையால் மறைத்திருந்தார். வரிசை, மாடியை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் ஒருவரின் வாசலில் தொடங்கித் தெருமுனை சலூன் வரை போயிற்று. எல்லார் கையிலும் பிள்ளையா? இல்லை ஐயா, ரவுட்டர். வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் நெட் பெட்டி. அதற்குப் பேய் பிடித்துவிட்டது.

பேயும் சாதாரணப் பேய் இல்லை, உத்தியோகம் பார்க்கும் பேய். மாலை ஆறு மணிக்கு டாண் என்று வரும், ஒன்பதுக்குப் போய்விடும். ஃபோனில் சிக்னல் கோடெல்லாம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் எதுவும் திறக்காது, வட்டம் மட்டும் சுற்றும். "உடம்பு இருக்கு, உயிர் இல்ல. இது நிழல் பிடிச்ச கேஸ்" என்று கண்டுபிடித்துச் சொன்ன மகான்தான் சிக்னல் சாமி. கழுத்தில் கறுப்பு வயர் மாலை, இடது கையில் மணி, வலது கை எப்போதும் சால்வைக்குள். கேட்டால் அது முத்திரையாம்.

சாமி முதலில் வீடு வீடாகப் போய் இலவசமாகத்தான் பெட்டிகளை ஆசீர்வதித்தார். எல்லாரும் வெளியே போக வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், சாமியும் பெட்டியும் தனியாக இருக்க வேண்டும். திறக்கும்போது பெட்டியின் அடியில் ஒரு செப்புத் தகடு ஒட்டியிருக்கும். பெட்டியைத் திருப்பக் கூடாது, வயர் செருகக் கூடாது, தகட்டைப் பிரித்தால் ரத்தம் கக்க வேண்டியதுதான். ஒரு வாரம் கழித்துப் பேய் வரும். அதை ஓட்ட, வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சாமியிடம் பெட்டியைத் தூக்கி வர வேண்டும், காணிக்கை உண்டு. ஆசீர்வாதம் வாங்கிய வீட்டில் மட்டும் பேய் வருவதை யாராவது கூட்டிக் கழித்துப் பார்த்தார்களா என்றால், அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? வரிசையில் இடம் போய்விடுமே.

வீட்டுக்காரரின் பெட்டியை விட்டு மட்டும் பேய் இறங்க மறுத்தது. காரணம் மாடியில் இருக்கிறது என்றார் சாமி. மாடியில் இருந்தவர் டியூஷன் டீச்சர். தனியாக வாடகைக்கு இருப்பவர். வீட்டுக்காரரின் நெட்டில்தான் மாலை ஆறு முதல் ஒன்பது வரை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ஆசீர்வாதத்தன்று "கதவை எதுக்குச் சாத்துறீங்க?" என்று சாமியைக் கேட்ட ஒரே ஆளும் அவர்தான். பிறகு நிழல் வேறு யார் மேல் விழும்? சண்டைக்கு வர ஆள் இல்லாதவள் மேல்தான் விழும்.

"நாளைக்குள்ள காலி பண்ணிடும்மா. எங்களுக்கும் மனசு கேக்கலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார் வீட்டுக்காரர். டீச்சருக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். இந்தப் பெயரோடு போனால் அடுத்த தெருவில் யார் வீடு கொடுப்பார்கள்? உட்கார்ந்து யோசித்தார். திருப்பாதே, செருகாதே, பிரிக்காதே என்று ஒருவன் மூன்று தடவை சொன்னால், அங்கே என்னதான் இருக்கிறது?

லேப்டாப்பையும் ஒரு வயரையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். கூடத்தில் சாமி மணியடித்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு இன்னும் நேரமிருந்தது.

"நாளைக்குப் போயிடறேன் அண்ணா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இந்தப் பெட்டியில வயரைச் செருகிப் பார்த்துக்கறேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார் டீச்சர்.

"ரத்தம் கக்குவே பெண்ணே" என்றார் சாமி.

வீட்டுக்காரம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "கக்கினா அவதானேங்க கக்கப்போறா. நமக்கென்ன, விடுங்க."

டீச்சர் வயரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகி, பெட்டியின் முகவரியை அடித்தார். திரை பாஸ்வேர்டு கேட்டது. பெட்டியைத் திருப்பினார், தகட்டைப் பிய்த்தார். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. ரத்தம் என்ன, டீச்சர் தும்மக்கூட இல்லை. தகடு இருந்த இடத்தில் கம்பெனிக்காரன் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர். அதில் பெயரும் பாஸ்வேர்டும் அழகாக அச்சாகியிருந்தன. அதை அடித்ததும் பக்கம் திறந்தது; சாமி பாஸ்வேர்டை மாற்றக்கூட இல்லை. மக்கள் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"இதான் அக்கா உங்க பேய்" என்று திரையைக் காட்டினார் டீச்சர். "ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் யாருக்கும் நெட் விடாதேன்னு டைம்டேபிள் போட்டு வெச்சிருக்கு."

"நிழல் எழுதினது அது" என்றார் சாமி.

"ஏம்மா, பேய்க்கு எழுதத் தெரியாதா என்ன?" என்றார் வீட்டுக்காரர். பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பாவம்.

"தெரியும்னே வெச்சுக்கங்க. நானும் ஒரு பேயை வரவழைக்கறேன். சாமி ஓட்டிட்டார்னா இப்பவே மூட்டையைக் கட்டறேன்." டீச்சர் முதலில் பாஸ்வேர்டை மாற்றினார். அப்புறம் அந்தத் தடையை அந்த நிமிடமே வரும்படி திருத்தி ஒரு தட்டு தட்டினார். கூடத்திலிருந்த வீட்டுக்காரர் குடும்பத்து ஃபோன்களில் எல்லாம் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சாமி மணியடித்தார். வட்டம் சுற்றியது. மந்திரத்தை உரக்கச் சொன்னார். சுற்றியது. நெற்றியில் வேர்த்தது. சால்வைக்குள் முத்திரை பிடித்த கை என்னவோ குத்திக் குத்திப் பார்த்தது. உள்ளிருந்து நீலமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"அதென்ன சாமி, முத்திரை எரியுது?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரம்மா சால்வையை இழுத்தார். கையில் ஃபோன். ஃபோனில் வீட்டுக்காரரின் பெட்டிப் பக்கம். அதன் மேல் சிவப்பில், 'பாஸ்வேர்டு தவறு'.

சாமி செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை. கம்பியில்லாமல் ஓடும் வித்தையை அன்றுதான் தெரு கண்ணால் பார்த்தது.

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சரிம்மா, அந்தப் புதுப் பாஸ்வேர்டு என்ன?"

"நான் காலி பண்ணணுமா, இருக்கணுமா? அதைச் சொல்லுங்க முதல்ல. எல்லார் முன்னாடியும்."

"இரும்மா. இரு. தப்பு எங்க மேலதான்" என்றார் வீட்டுக்காரம்மா, புருஷனை முந்திக்கொண்டு. டீச்சர் புதுப் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்து, தடையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிமிர்ந்து பார்த்தால், அவர் நாற்காலியில் தொடங்கி வாசலைத் தாண்டி, தெருமுனை சலூன் வரை ஒரு புது வரிசை. பெட்டியைத் தோளில் போட்டிருந்த அம்மாள்தான் முதல் ஆள். பயபக்தியோடு குனிந்து நின்றார்.

"டீச்சரம்மா, எங்க பெட்டிக்கும் உங்க கையால ஒரு மந்திரம் போட்டுடுங்க. காணிக்கை எவ்வளவுன்னாலும் சரி."

டீச்சர் அந்தப் பெட்டியை வாங்கவில்லை. "ஸ்கூல்ல எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாங்கல்ல அக்கா? அப்ப என் காலடிக்கு எதுக்கு வர்றீங்க? வீட்டுக்குப் போய் பெட்டியைத் திருப்பி, தகட்டைப் பிச்சுப் படிச்சுப் பாருங்க."